பிரிட்டனும் ஐரோப்பாவும்: வெளியேறிய பிறகும் தீராத வழக்கு (கேள்வி – பதில்)

பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது; இதைத்தான் பிரெக்ஸிட் என்கிறார்கள். வெளியேறிவிட்டால் இந்தப் பேச்சே முடிந்துவிடும் என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார்கள். முடியவில்லை. 2025 கடைசியிலும் மீன், இறைச்சி, மாணவர், எல்லை என்று ஏதாவது ஒன்றை வைத்து லண்டனும், ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸும் பேரம் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. லண்டனில் சொந்தக்காரர் இருப்பவர்கள், அங்கே படிக்கப் போக நினைப்பவர்கள், செய்தியில் பார்த்துக் குழம்பியவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில்கள். நிலவரம் 2025 இறுதி வரையிலானது.

ஒற்றைச் சந்தை, சுங்க ஒன்றியம் என்று மாற்றி மாற்றிச் சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றா?

இல்லை. இந்த வித்தியாசம் பிடிபடாவிட்டால் மீதி எதுவும் பிடிபடாது. சுங்க ஒன்றியத்தில் உள்ள நாடுகளுக்குள் சுங்க வரி கிடையாது. வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எல்லோரும் ஒரே வரிதான் போட வேண்டும். ஆகவே எந்த உறுப்பு நாடும் தனியாகப் போய் இந்தியாவுடனோ அமெரிக்காவுடனோ வரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ள முடியாது. ஒற்றைச் சந்தை இன்னும் ஆழமானது. பொருளின் தரம், லேபிள், மருந்து அனுமதி, வங்கி உரிமம் எல்லாவற்றுக்கும் பொதுவான விதிகள்; சரக்கு, சேவை, முதலீடு, ஆட்கள் என நான்கும் தடையில்லாமல் எல்லை தாண்டலாம்.

நார்வே ஒற்றைச் சந்தைக்குள் இருக்கிறது, சுங்க ஒன்றியத்தில் இல்லை. துருக்கி நேர்மாறு: தொழிற்சாலைப் பொருட்களுக்கு மட்டும் சுங்க ஒன்றியம், ஒற்றைச் சந்தை கிடையாது. பிரிட்டன், வெளியேறிய பிறகும் ஓர் இடைக்கால ஏற்பாட்டின்படி, 2020 டிசம்பர் 31 வரை இரண்டிலும் இருந்தது. இப்போது இரண்டிலும் இல்லை. யூரோ நாணயத்திலும், பாஸ்போர்ட் காட்டாமல் எல்லை கடக்கும் ஷெங்கன் ஏற்பாட்டிலும் அது என்றைக்குமே சேர்ந்ததில்லை.

பிரிட்டன் முதலில் எப்படித்தான் உள்ளே போனது?

தயங்கித் தயங்கித்தான். 1957இல் ரோம் நகரில் ஆறு நாடுகள் ஒப்பந்தம் போட்டபோது பிரிட்டன் ஒதுங்கி நின்றது. காமன்வெல்த் வியாபாரமும் அமெரிக்க நட்பும் போதும் என்று நினைத்தார்கள். 1960இல் நார்வே, டென்மார்க், ஸ்வீடன், ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, போர்ச்சுகல் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு போட்டியாக ஒரு தடையற்ற வணிகக் கூட்டமைப்பையும் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே மனம் மாறி, பிரதமர் ஹெரால்ட் மேக்மில்லன் ஆறு நாடுகளின் கதவைத் தட்டினார். பிரெஞ்சு அதிபர் சார்லஸ் டி கோல் 1963இல் முடியாது என்றார்; 1967இல் மறுபடியும் முடியாது என்றார். அவர் பதவி விலகிய பிறகு, எட்வர்ட் ஹீத் காலத்தில், 1973 ஜனவரி 1 அன்றுதான் பிரிட்டன் உள்ளே போனது.

இரண்டே ஆண்டில், இருக்கலாமா வேண்டாமா என்று ஒரு பொது வாக்கெடுப்பு. 67 சதவீதம் பேர் இருக்கலாம் என்றார்கள். அப்போது எதிர்த்தவர்களில் டோனி பென் போன்ற தொழிற்கட்சி இடதுசாரிகள் முன்னணியில் இருந்தார்கள். ஆதரித்துப் பிரச்சாரம் செய்த கன்சர்வேட்டிவ் தலைவர், உறுப்பு நாடுகளின் கொடிகள் பின்னிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு படத்துக்கு நின்றார். அவர் பெயர் மார்கரெட் தாட்சர்.

தாட்சர் கட்சி எப்படி எதிர்ப்பாளர் கட்சியானது?

ஒற்றைச் சந்தை வர முன்னின்று பாடுபட்டவரே தாட்சர்தான். ஜப்பானின் நிசான் நிறுவனம் 1986இல் வடகிழக்கு இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் கார் ஆலை திறந்ததற்கு, அங்கிருந்து ஐரோப்பா முழுவதும் வரியில்லாமல் விற்கலாம் என்ற கணக்கு ஒரு பெரிய காரணம். ஆனால் சந்தை வேண்டும் என்றால், சந்தைக்கு விதி எழுத ஒரு பொது அதிகாரமும் வேண்டும். அந்த அதிகாரம் வளர்வதைப் பார்த்து அவர் மிரண்டார். 1988இல் பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரில் அவர் ஆற்றிய உரையிலிருந்துதான் கட்சிக்குள் ஐரோப்பிய எதிர்ப்பு ஓர் அணியாகவே திரண்டது.

அதற்கு எண்ணெய் ஊற்றியது 1992 செப்டம்பர் 16. நாணய மதிப்புகள் ஒன்றுக்கொன்று குறிப்பிட்ட வரம்பைத் தாண்டாமல் வைத்திருக்கும் ஐரோப்பிய நாணயமாற்றுக் கட்டமைப்புக்குள் பவுண்டைப் பிடித்து வைக்க, அன்று காலையில் வட்டி விகிதத்தை 10இலிருந்து 12 சதவீதமாக்கினார்கள். மதியம் 15 ஆக்கப்போவதாக அறிவித்தார்கள். சாயங்காலம் கைவிட்டு வெளியே வந்தார்கள். வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருந்த ஒரு தலைமுறைக்கு அந்த நாள் மறக்கவில்லை.

2016 வாக்கெடுப்பில் யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள்?

கட்சிச் சண்டையை அடக்கவும், ஒன்றியத்தை விட்டு வெளியேறக் கோரிய நைஜல் ஃபராஜின் யூகிப் கட்சி ஓட்டைப் பிரிப்பதைத் தடுக்கவும் கன்சர்வேட்டிவ் பிரதமர் டேவிட் கேமரன் 2013இல் கொடுத்த வாக்குறுதி அது. 2016 ஜூன் 23 அன்று 51.9 சதவீதம் பேர் வெளியேறலாம் என்றார்கள், 48.1 சதவீதம் பேர் இருக்கலாம் என்றார்கள். இங்கிலாந்தும் வேல்ஸும் வெளியேறும் பக்கம். ஸ்காட்லாந்தில் 62 சதவீதமும் வட அயர்லாந்தில் சுமார் 56 சதவீதமும் இருக்கும் பக்கம். லண்டனின் லாம்பெத் பகுதியில் 78 சதவீதத்துக்கு மேல் இருக்கலாம் என்றார்கள். கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர்கள் காய்கறி வயல்களுக்கு வந்து குவிந்த லிங்கன்ஷையரின் பாஸ்டன் ஊரில் 75 சதவீதத்துக்கு மேல் வெளியேறலாம் என்றார்கள். நிசான் ஆலை இருக்கும் சண்டர்லாந்திலேயே 61 சதவீதம் வெளியேறும் பக்கம்.

இதை அறியாமை என்று தள்ளிவிடுவது லண்டன் மேட்டுக்குடியின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2004இல் எட்டு கிழக்கு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்தபோது, உடனே வேலைக்கு வரலாம் என்று கதவைத் திறந்துவிட்ட மூன்றே நாடுகளில் பிரிட்டனும் ஒன்று. அந்த முடிவைப் பற்றி பாஸ்டன்காரர்களை யாரும் கேட்கவில்லை. கேட்ட முதல் தடவை அவர்கள் பதில் சொன்னார்கள்.

வாரத்துக்கு 350 மில்லியன் பவுண்டு என்று பேருந்தில் எழுதியிருந்ததே, அது பொய்யா?

பாதிக் கணக்கு. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வாரம் 350 மில்லியன் அனுப்புகிறது, அதை மருத்துவச் சேவைக்குக் கொடுக்கலாம் என்று சிவப்புப் பேருந்தில் எழுதி ஊர் ஊராகப் போனார்கள். 1984இல் தாட்சர் வாதாடி வாங்கிய தள்ளுபடி முதலிலேயே கழிக்கப்பட்டுவிடும். அதைக் கழித்தால் வாரத்துக்குச் சுமார் 250 மில்லியன். விவசாய மானியம், பின்தங்கிய வட்டார உதவி என்று திரும்பி வந்ததையும் கழித்தால் இன்னும் குறைவு. அரசுப் புள்ளிவிவரங்களைக் கண்காணிக்கும் ஆணையத்தின் தலைவரே இதைப் புள்ளிவிவரத் துஷ்பிரயோகம் என்று எழுத்தில் கண்டித்தார். ஆனால் பிரச்சாரத்துக்கு அது வேலை செய்துவிட்டது. எண்ணை மறுக்க மறுக்க, பணம் போகிறது என்ற சேதிதான் மேலும் பரவியது.

வெளியேற ஏன் மூன்றரை ஆண்டு ஆனது?

வெளியேறுவதா என்று கேட்டார்கள். எங்கே போவது என்று கேட்கவில்லை. கேமரனுக்குப் பின் பிரதமரான தெரசா மே கொண்டுவந்த ஒப்பந்தத்தை 2019 ஜனவரியில் நாடாளுமன்றம் 432க்கு 202 என்று தூக்கியெறிந்தது. பிறகு வந்த போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தையே ஐந்து வாரம் முடக்கப் பார்க்க, உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமித்து அது சட்டவிரோதம் என்றார்கள். அந்த டிசம்பரில் தேர்தல் நடத்தி, 80 இடப் பெரும்பான்மையோடு வந்து முடித்துவைத்தார்.

வரியே கிடையாது என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறார்களே, பிறகு வியாபாரிகளுக்கு என்ன கஷ்டம்?

எல்லாக் கஷ்டமும் இங்கேதான். 2020 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் முடிவான வர்த்தக ஒப்பந்தத்தில் சுங்க வரி பூஜ்யம், அளவுக் கட்டுப்பாடு பூஜ்யம். உண்மைதான். ஆனால் அந்தப் பூஜ்யம் பிரிட்டனிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ போதிய அளவு தயாரான பொருளுக்குத்தான். அது அங்கே தயாரானதுதான் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும்.

மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடையில் பெர்சி பிக் என்று பன்றி முக வடிவில் ஒரு மிட்டாய் பிரபலம். தயாராவது ஜெர்மனியில். பிரிட்டன் கிடங்குக்கு வந்து, அங்கிருந்து அயர்லாந்துக் கடைக்குப் போனது. ஐரோப்பாவில் பிறந்த மிட்டாய் பிரிட்டனில் எந்த வேலையும் நடக்காமல் திரும்ப ஐரோப்பாவுக்குள் நுழைந்தால் சலுகை கிடையாது, வரி விழும். நிறுவனத்தின் தலைவரே இதை எடுத்துச் சொன்ன பிறகுதான், பூஜ்ய வரி என்றால் என்ன என்று பலருக்கு உறைத்தது. அதே நிறுவனம் 2021இல் பிரான்சில் 11 கடைகளை மூடியது. சாண்ட்விச் மாதிரியான பொருள் எல்லையில் காத்துக்கிடந்தால் விற்க முடியாது.

இறைச்சி, பால் பொருட்கள் என்றால் ஒவ்வொரு சரக்குக்கும் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். 2021 ஜனவரியில் நெதர்லாந்தின் ஹூக் வான் ஹாலந்து துறைமுகத்தில், பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய ஓட்டுநரின் மதியச் சாப்பாட்டைச் சுங்க அதிகாரி எடுத்துக்கொண்டதை டச்சுத் தொலைக்காட்சி படம் பிடித்தது. இறைச்சியை எடுத்துக்கொண்டு ரொட்டியையாவது கொடுங்கள் என்று ஓட்டுநர் கேட்கிறார். முடியாது, எல்லாம் பறிமுதல், பிரெக்ஸிட்டுக்கு வரவேற்கிறோம் ஐயா, மன்னிக்கவும் என்கிறார் அதிகாரி. உலகமே சிரித்தது. ஆனால் வேல்ஸிலும் டெவனிலும் சிப்பி பிடித்து உயிரோடு பிரான்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. சுத்திகரிக்காத சிப்பி மூன்றாம் நாட்டிலிருந்து, அதாவது ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டிலிருந்து, வரக்கூடாது என்பது ஐரோப்பிய விதி. பிரிட்டன் இப்போது மூன்றாம் நாடு. சிலருக்கு ஒரே இரவில் சந்தை மூடிவிட்டது.

பெரிய கம்பெனிகள் சுங்க முகவரை அமர்த்திச் சமாளித்துவிட்டன. மாதம் நாலு பெட்டி பாலாடைக்கட்டி அனுப்பியவர்கள்தான் விட்டுவிட்டார்கள்.

மொத்தத்தில் எவ்வளவு நஷ்டம்?

அரசின் நிதிக் கணிப்புக்கான சுயேச்சை அமைப்பு, வெளியேறாமல் இருந்திருந்தால் இருந்திருக்கும் நிலையோடு ஒப்பிட்டு, நீண்ட காலத்தில் உற்பத்தித்திறன் 4 சதவீதமும் ஏற்றுமதி இறக்குமதி 15 சதவீதமும் குறையும் என்று வைத்திருக்கிறது. நடக்காத ஒன்றோடு ஒப்பிடும் கணக்கு என்பதால் சண்டைக்கு இடம் உண்டு. நடுவில் கொரோனாவும் உக்ரைன் போரும் வந்து கணக்கைக் குழப்பின. பிரெக்ஸிட் ஆதரவாளர்கள் சுட்டிக்காட்டுவதில் ஒன்று சரி: கணக்கியல், சட்டம், ஆலோசனை போன்ற சேவை ஏற்றுமதி நன்றாகவே வளர்ந்திருக்கிறது. அடி விழுந்தது சரக்கின் மேல். இன்றும் பிரிட்டன் ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்கு, இறக்குமதியில் பாதி, ஐரோப்பிய ஒன்றியத்தோடுதான்.

வட அயர்லாந்து ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

அயர்லாந்துத் தீவில் தெற்கே அயர்லாந்துக் குடியரசு ஐரோப்பிய ஒன்றிய உறுப்பினர். வடக்கே ஆறு மாவட்டங்கள் பிரிட்டனின் பகுதி. நடுவில் சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, 200க்கு மேற்பட்ட சாலைகள். ஒரு காலத்தில் அங்கே ராணுவச் சோதனைச் சாவடிகள் இருந்தன; முப்பது ஆண்டு மோதலில் சுமார் 3,500 பேர் செத்தார்கள். 1998இன் புனித வெள்ளி ஒப்பந்தத்துக்குப் பிறகு சாவடிகள் போய்விட்டன. இன்று எல்லையைத் தாண்டியதே வேகப் பலகையில் மைல் கிலோமீட்டராக மாறும்போதுதான் தெரியும்.

பிரிட்டன் சுங்க ஒன்றியத்தை விட்டால் எங்கேயாவது சரக்கைச் சோதித்தாக வேண்டும். நிலத்தில் சோதித்தால் அமைதிக்கு ஆபத்து. அதனால் ஜான்சன், சோதனையைக் கடலுக்குத் தள்ளினார்: இங்கிலாந்திலிருந்து பெல்ஃபாஸ்ட் போகும் சரக்குக்குச் சோதனை, அங்கே ஐரோப்பியச் சரக்கு விதிகள் செல்லும். தன் நாட்டுக்குள்ளேயே சுங்கச் சோதனையா என்று பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்ட்டுகள் கொதித்தார்கள். அவர்களின் டியுபி கட்சி 2022 பிப்ரவரியிலிருந்து இரண்டு ஆண்டு வட அயர்லாந்து அரசை நடக்கவிடாமல் செய்தது.

2023 பிப்ரவரியில் ரிஷி சுனக் போட்ட வின்ட்சர் ஏற்பாடு சூட்டைத் தணித்தது. வட அயர்லாந்திலேயே விற்கும் சரக்குக்குப் பச்சை வழி, தெற்கே போகக்கூடிய சரக்குக்குச் சிவப்பு வழி. பச்சை வழியில் போகும் இறைச்சி, பால் பாக்கெட்டுகளில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். இதையெல்லாம் பிரச்சாரத்தின்போது பேசியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்.

குடியேற்றம் குறைந்ததா?

ஐரோப்பாவிலிருந்து வருவது குறைந்தது. மொத்தம் கூடியது. வாக்கெடுப்புக் காலத்தில் ஆண்டு நிகரக் குடியேற்றம் சுமார் மூன்று லட்சம்; 2023 வாக்கில் அது ஒன்பது லட்சத்தைத் தாண்டியது. இந்தியா, நைஜீரியா போன்ற நாடுகளிலிருந்து மாணவர்களும் முதியோர் பராமரிப்பு ஊழியர்களும் வந்தார்கள். ஐரோப்பியரை நிறுத்தியது பிரெக்ஸிட், மற்றவர்களுக்குத் திறந்தது பிரிட்டன் அரசே எழுதிய புதிய விசா விதி. பிறகு அந்த அரசும் அடுத்து வந்த அரசும் கதவைச் சாத்தின: 2024 ஜனவரியிலிருந்து பெரும்பாலான மாணவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது, பராமரிப்பு ஊழியர்களை வெளிநாட்டிலிருந்து எடுப்பது 2025 ஜூலையில் நின்றது, முதுகலை முடித்தபின் வேலை தேடித் தங்கும் காலம் 2027 ஜனவரியிலிருந்து இரண்டு ஆண்டுக்குப் பதில் 18 மாதம். படிக்கப் போகும் பிள்ளைகள் ஏஜென்ட் சொல்லும் பழைய கணக்கை நம்ப வேண்டாம்.

ஜெர்மன், பிரெஞ்சு, டச்சு பாஸ்போர்ட்டோடு லண்டன் வந்த ஈழத்தமிழர் நிலை?

அகதியாய்ப் போய் ஐரோப்பியக் குடியுரிமை பெற்ற பல குடும்பங்கள், பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்பு, உறவினர், கோயில், கடை என்று ஹாரோ, ஈஸ்ட் ஹாம் பக்கம் வந்து குடியேறினார்கள். தடையில்லாமல் வரும் உரிமை இருந்ததால் விசா கேட்க வேண்டியிருக்கவில்லை. 2020 டிசம்பர் 31க்குள் பிரிட்டனில் குடியிருந்தவர்கள், 2021 ஜூன் 30க்குள் குடியேற்றத் திட்டத்தில் விண்ணப்பித்து உரிமையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். நிரந்தர நிலை கிடைத்தவர்கள்கூடத் தொடர்ந்து ஐந்து ஆண்டுக்கு மேல் வெளியே இருந்தால் அதை இழப்பார்கள். இன்று புதிதாக பாரிஸிலிருந்து லண்டனுக்குக் குடிவர நினைக்கும் அண்ணன் மகனுக்கு, சென்னையிலிருந்து வருகிறவனுக்கு உள்ள அதே வேலை விசா விதிதான்.

நன்மை என்று ஒன்றுமே இல்லையா?

உண்டு. சொந்தமாக வர்த்தக ஒப்பந்தம் போடலாம். இந்தியாவுடன் 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தானது அப்படி ஒன்று; ஸ்காட்ச் விஸ்கிக்கு இந்தியா போடும் 150 சதவீத வரி முதலில் 75 ஆகி, பத்தாண்டில் 40க்கு இறங்கும்; இந்திய ஆடைகள் வரியில்லாமல் போகும் என்பதால் திருப்பூருக்கும் லாபம். ட்ரம்ப் 2025இல் வரி போட்டபோது பிரிட்டனுக்கு 10 சதவீதம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கடைசியில் 15. ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். இந்திய ஒப்பந்தத்தால் நீண்ட காலத்தில் ஆண்டுக்கு 4.8 பில்லியன் பவுண்டு கூடும் என்பது பிரிட்டன் அரசின் சொந்தக் கணிப்பு. மேலே சொன்ன 4 சதவீதத்துக்குப் பக்கத்தில் அது நிற்காது.

கொரோனாத் தடுப்பூசிக்கு முதலில் அனுமதி கொடுத்ததும் பிரெக்ஸிட்டால்தான் என்று இன்றும் சொல்கிறார்கள். 2020 டிசம்பர் 2 அன்று அனுமதி கொடுத்தபோது பிரிட்டனில் ஐரோப்பியச் சட்டமே நடைமுறையில் இருந்தது. அந்தச் சட்டத்திலுள்ள அவசர விதியைத்தான் பயன்படுத்தினார்கள்.

மீனுக்கு ஏன் இவ்வளவு சண்டை?

பொருளாதாரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கடலோர ஊர்களின் மானம் அது. வேடிக்கை என்னவென்றால், பிரிட்டன் மீனவர் பிடிப்பதில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்கு விற்கிறது. பிரிட்டன்காரர் தட்டில் விழும் காட் மீன் பெரும்பாலும் நார்வே, ஐஸ்லாந்து பக்கத்திலிருந்து வருகிறது.

ஸ்டார்மர் இப்போது செய்துகொண்டிருப்பது என்ன?

2024இல் பிரதமரான தொழிற்கட்சித் தலைவர் ஸ்டார்மர், உறவைப் புதுப்பிக்கிறேன் என்கிறார்; ஒற்றைச் சந்தை, சுங்க ஒன்றியம், ஆட்களின் தடையற்ற வருகை மூன்றும் கிடையாது என்றும் சொல்கிறார். 2025 மே 19 அன்று லண்டனில் நடந்த உச்சி மாநாட்டில், ஐரோப்பியப் படகுகள் பிரிட்டன் கடலில் மீன் பிடிக்கும் அனுமதியை 2038 வரை நீட்டித்துக் கொடுத்தார். பதிலுக்கு உணவு, தாவரப் பொருட்களின் எல்லைச் சோதனையைப் பெருமளவு நீக்கும் ஒப்பந்தத்துக்குப் பேச்சு. ஈராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் 2027இல் திரும்பச் சேர டிசம்பரில் உடன்பாடு ஆகியிருக்கிறது. ஐரோப்பியப் பாதுகாப்பு நிதியில் சேரும் பேச்சு மட்டும் நவம்பரில் பணத்தகராறில் முறிந்தது.

அந்த உணவு ஒப்பந்தத்தைக் கவனியுங்கள். சோதனை போக வேண்டுமானால் பிரிட்டன் ஐரோப்பிய உணவுச் சட்டத்தைப் பின்பற்ற வேண்டும். அது மாறும்போதெல்லாம் தானும் மாற வேண்டும். அதன் பொருளில் தகராறு வந்தால் ஐரோப்பிய நீதிமன்றத்தின் விளக்கமே இறுதி. ஓட்டுரிமை மட்டும் கிடையாது. நெருங்கினால் விதிக்குக் கட்டுப்பட வேண்டும், விலகினால் வியாபாரத்தில் இழக்க வேண்டும். இரண்டில் ஒன்றுக்கு விலை கொடுத்தே தீர வேண்டும் என்பதை 2016இலிருந்து எந்தப் பிரதமரும் மக்களிடம் நேராகச் சொல்லவில்லை; கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றே ஓட்டிவிட்டார்கள். இறையாண்மைதான் முக்கியம், அதற்காக ஏழையாவோம் என்று ஒருவர் சொன்னால் அது நேர்மையான வாதம். ஒற்றைச் சந்தைக்குப் போவோம், விதிக்குத் தலையாட்டுவோம் என்பதும் நேர்மையான வாதமே.

மறுபடியும் உறுப்பினராக முடியுமா?

சட்டப்படி முடியும். ஒன்றிய ஒப்பந்தத்தின் 49ஆம் பிரிவின்படி எந்த ஐரோப்பிய நாடும் விண்ணப்பிக்கலாம். எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும். வெளியேறியது தவறு என்று கருத்துக்கணிப்புகளில் பாதிக்கு மேற்பட்டோர் சொல்கிறார்கள். ஆனால் தாட்சர் வாங்கிய தள்ளுபடி திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. யூரோவில் சேர்வதாக ஒப்புக்கொள்ளச் சொல்வார்கள். ஸ்வீடன் 1995இல் அப்படி ஒப்புக்கொண்டு இன்றுவரை சேராமல் இருக்கிறது என்பதால் அது தலைபோகிற விஷயமில்லை. உண்மையான தடை ஐரோப்பியத் தரப்பின் சந்தேகம்: அடுத்த ஆட்சி வந்து மறுபடியும் வெளியேறினால்? 2025இன் பெரும்பகுதி கருத்துக்கணிப்பில் முன்னணியில் இருந்தது ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி. அதனால்தான் போட்ட ஒப்பந்தத்தை எவன் வந்து கிழிப்பானோ என்று பிரஸ்ஸல்ஸ் ஒவ்வொரு வரியையும் பூட்டுப்போட்டு எழுதுகிறது.

அடுத்து எதைப் பார்க்க வேண்டும்?

மின்சார கார் பேட்டரிகளுக்கான கடுமையான உள்நாட்டுத் தயாரிப்பு விதி 2026 முடியும்வரை தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு சண்டர்லாந்து போன்ற ஆலைகளுக்கு என்ன ஆகும் என்பது ஒன்று. உணவு ஒப்பந்தம் நடைமுறைக்கு வருகிறதா என்பது இன்னொன்று. வட அயர்லாந்துச் சட்டமன்றம் 2024 டிசம்பரில் யூனியனிஸ்ட்டுகள் ஆதரவில்லாமலேயே கடல் எல்லை ஏற்பாட்டை நான்கு ஆண்டு நீட்டித்தது. 2028இல் மறுபடியும் அது ஓட்டுக்கு வரும். பிரிட்டன் பொதுத்தேர்தல் 2029 ஆகஸ்டுக்குள் நடந்தாக வேண்டும்.